ஆடுவோரும் காண்போரும்: புகழ்பெறும் கூத்தும் பழஞ்சுவைஞர் உள்ளமும்



பனமலைக் குன்றின்மேல் இராசசிம்மப் பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. அதன் பக்கச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில், குடை நிழலில், ஒரு காலை மடித்து, தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள் உமையம்மை. அவள் பார்ப்பது இறைவனின் ஆடலை. அவ்வாடலும் அச்சிற்றாலயத்தில் தீட்டப்பட்டிருந்தது. காலவெள்ளத்தில் ஆடும் பெருமானின் உருவம் பெரிதும் அழிந்து, சில கோடுகளே எஞ்சின. கண்டு நிற்கும் அம்மையின் முகமோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பொலிவு குன்றாதிருக்கிறது.

ஒரு கலையின் வாழ்வு ஆடுவோர் கையில் மட்டுமன்றிக் காண்போர் கையிலும் உள்ளது என்பதற்கு இவ்வோவியத்தைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. ஆடுவோர்க்கு இலக்கணம் வகுத்த நூல்கள் பல. காண்போரின் உள்ளத்தை ஆராய்ந்தவை சிலவே. ஒரு கலை ஒரு வட்டாரத்தார் மட்டும் அறிந்ததாக இருக்கும்வரை அதன் சுவைஞர்க்கு ஒரு கவலைதான் உண்டு: இதன் அருமையை உலகம் அறியவில்லையே! உலகம் அறியத் தொடங்கியதும் மற்றொரு கவலை பிறக்கிறது: இனி இது நம்முடையதாக இருக்குமா? இவ்விரு கவலைகளும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் நிலையை, இம்மண்ணுக்குரிய தெருக்கூத்தைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

களரியைச் சூழ்ந்தோர்

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்லிபுத்தூரார் பாரதம் ஒருபுறம் விரிவுரையாக நடக்க, மறுபுறம் வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதை, கர்ண மோட்சம் எனக் கதை இரவுதோறும் களரியேறும். பதினெட்டாம் போரன்று, மண்ணால் அமைத்துக் கிடத்திய துரியோதனன் பேருருவின் முன் படுகளமாக அது முடிவுறும். தொடர்ந்து தீமிதி. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெருநூலின் முதல் தொகுதி, செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்னும் பொருள்படும் துணைத்தலைப்பைத் தாங்கியிருப்பது இவ்வட்டாரத்தின் சிறப்புக்குச் சான்றாகும்.

இரவு உணவுக்குப்பின் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நீளும். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியன ஒருங்கே முழங்க, பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடம் பாடும், திரை விலகும், கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்ன அரசன் சுழன்றாடுவான். கட்டியங்காரன் அவனையே கேலி பேசுவான். சிறுவர்கள் முன்வரிசையில் சாக்கை விரித்துப் படுத்து, துரியோதனன் வரும்போது எழுப்பிவிடும்படி தாயிடம் சொல்லிவிட்டு உறங்குவர். கதை எல்லார்க்கும் தெரியும். அடுத்து என்ன நிகழும் என்று அறிய ஒருவரும் வருவதில்லை. அதனை இவ்வாண்டு வந்த குழு எப்படி நிகழ்த்தும் என்று காணவே வருகின்றனர்.

ஆகவே கூத்துச் சுவைஞர் என்பார் வெறும் பார்வையாளர் அல்லர். எந்த விருத்தத்தை எந்தக் கட்டையில் எடுக்க வேண்டும், கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பன அவருக்குத் தெரியும். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்னும் வேறுபாட்டைக் காலடி கொண்டே சொல்லிவிடுவார். இவ்வறிவுக்குப் பட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. பல்லாண்டு கண்விழித்தும், ஊர்விட்டு ஊர் நடந்தும், மறுநாள் வயல்வேலையைத் தூக்கக் கலக்கத்தோடு செய்தும் ஈட்டிய அறிவு அது. ஒருவர் தம் உடலை வருத்தித் தேடிய பொருளின்மீது உரிமையுணர்வு கொள்வதில் வியப்பில்லை.

இரைச்சல் என்னும் பழி

இவ்வுரிமையுணர்வை இறுகச் செய்தது ஒரு பழி. கூத்து இரைச்சல் என்றும், நாகரிகம் அற்றது என்றும் கற்றோர் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தனர். மொழியே இதற்குச் சான்று பகரும். ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாயிற்று. ‘கூத்தடிக்கிறான்’ என்றால் பொறுப்பின்றித் திரிகிறான் என்று பொருளாயிற்று. சிலப்பதிகாரம் வேத்தியல், பொதுவியல் என்று கூத்தை வகுத்துப் பேசுகிறது. அரசவைக்கு உரியது வேத்தியல். எல்லார்க்கும் உரியது பொதுவியல். பிற்காலத்தார் பொதுவியலைத் தாழ்ந்தது எனக் கொண்டனர் போலும். பழிக்கப்பட்ட கலையை விரும்புவோர் தமக்குள் நெருங்கி ஒரு கூட்டமாவர். பழியே அவர்களைப் பிணைக்கும் கயிறாகும்.

இவ்வுளவியல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஹெவி மெட்டல் என்று வழங்கும் மேலை இசையின் வரலாறு இதற்கு ஒத்த கண்ணாடியாக அமைகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழில்நகரத்து இளைஞர் நால்வர் பிளாக் சாபத் என்னும் பெயரில் 1970இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அவருள் கிதார் இசைத்த டோனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது எந்திரத்தில் சிக்கி இரு விரல் நுனிகளை இழந்தவர். செயற்கை நுனிகளைத் தாமே செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர். தொழிற்சாலையின் முழக்கத்தை ஒத்த அவ்விசையைத் திறனாய்வாளர் பலர் இகழ்ந்தனர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர்.

அவ்வழியில் 1981இல் அமெரிக்காவில் தோன்றிய மெட்டாலிகா குழுவின் புகழ், தொடக்கத்தில் வானொலியால் பரவவில்லை. சுவைஞர்கள் ஒலிநாடாவைப் படியெடுத்து ஒருவர்க்கொருவர் அஞ்சலில் அனுப்பியே பரப்பினர். அக்குழு 1989இல் முதன்முதலாகத் தொலைக்காட்சிக்கெனப் பாடற்காட்சி ஒன்றை எடுத்தபோதே முணுமுணுப்பு எழுந்தது. 1991இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த தொகுப்பில் பாடல்கள் குறுகின, வேகம் தணிந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் படிகளுக்குமேல் விற்றது. பழஞ்சுவைஞர் பலர் ‘இவர்கள் விலைபோய்விட்டனர்’ என்றனர். அவ்வாறு சொன்னவர்களில் பலர் அத்தொகுப்பை வாங்கியும் இருப்பர் என்று கருதலாம். வெறுத்தவர் விலகிப் போயிருப்பர். அன்பு கொண்டவரே நின்று வைதனர்.

2011ஆம் ஆண்டு அக்டோபரில் அக்குழு பெங்களூரில் இசைத்தபோது இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் திரண்டனர். 2022இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அவர்களின் 1986ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று இடம்பெற, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் அதனைத் தேடிக் கேட்டனர். தொடரைப் பார்த்து வந்தவர்கள் உண்மைச் சுவைஞர் ஆவரோ என்று பழையோர் சிலர் எள்ளினர். குழுவினரோ புதியோர் எல்லாரையும் வரவேற்பதாக வெளிப்படையாக அறிவித்தனர். கலைஞன் திறந்த கதவைச் சுவைஞன் சாத்த முயலும் விந்தை இதில் புலப்படுகிறது.

நகரம் கண்ட கூத்து

இனிக் களரிக்குத் திரும்பலாம். சிறுபத்திரிகை வழியே எழுத்துலகில் நுழைந்த ந. முத்துசாமி, புரிசைத் தம்பிரான் மரபினரின் கூத்தைக் கண்டு, அதில் தமிழ் நாடகத்தின் வேரைக் கண்டுகொண்டார். 1977இல் அவர் நிறுவிய கூத்துப்பட்டறை நகரத்து நடிகர்க்குக் கூத்தின் அடவையும் குரற்பயிற்சியையும் அறிமுகம் செய்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். தெருவில் ஆடிய கலைக்கு நாட்டின் உயரிய மேடை கிட்டியது. அதே வேளையில், நகரத்தார் புரிசையில் கண்ட வடக்கத்திப் பாணியே கூத்து முழுமைக்கும் அடையாளமாகப் பலர் மனத்தில் பதிந்தது. விழுப்புரம் பகுதியின் தெற்கத்திப் பாணிச் சுவைஞர்க்கு இதில் பெருமையும் உண்டு, ஏக்கமும் உண்டு.

1990இல் பெருங்கட்டூர் இராஜகோபால் முதலிய கலைஞர்கள் கூடித் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரைத் தேர்ந்தனர். கட்டை என்பது தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியும் மரஅணிகள். ‘தெரு’ என்னும் சொல்லில் ஒட்டியிருந்த இழிவை நீக்குவது அவர்கள் எண்ணம். தெருவில் ஆடுவதே இதன் பெருமை என்று எண்ணியோர் இப்பெயரை ஏற்கத் தயங்கினர். ஒரு சொல்லைப் பற்றிய இவ்வழக்கின் உள்ளே, மதிப்பும் வேண்டும், மண்ணும் வேண்டும் என்னும் இருமனம் இருப்பது கருதத்தக்கது.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா நாட்டுப்புறக் கலைகளைப் பூங்காக்களிலும் தெருக்களிலும் நகரமக்கள் முன் நிறுத்தியது. சில ஆண்டுகள் நடந்து நின்றுபோன அவ்விழா 2023இல் மீண்டும் உயிர்பெற்றது. இத்தகைய விழாக்களில் கூத்துக்குக் கிடைப்பது சிறுபொழுது. விடியவிடிய ஆடும் கர்ணமோட்சத்தை அச்சிறுபொழுதில் அடக்க வேண்டும். விரைந்த சுழற்சியும் ஒளிரும் கிரீடமும் தங்கும். கர்ணன் களத்துக்குப் புறப்படுமுன் மனைவியோடு நிகழ்த்தும் நெடும்பாட்டு உதிரும். கைபேசி வந்தபின் இதற்கு மாறான போக்கும் தோன்றியது. ஊர்க்கூத்துகள் இரவு முழுதும் படம்பிடிக்கப்பட்டு யூடியூபில் ஏறுகின்றன. தொலைநாட்டில் வாழும் இவ்வட்டாரத்து இளைஞன் தன் அறையிலிருந்தே படுகளம் காண்கிறான். அவனுக்குப் பயன் பெரிது. எனினும் பனியில் நனைந்த மண்தரையும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் விம்மலும் அவனுக்குக் கிட்டா.

அச்சத்தின் வேர்கள்

பழஞ்சுவைஞரின் அச்சத்தைப் பொறாமை என்று தள்ளுவது எளிது. அது முறையாகாது. அவ்வச்சத்துக்கு இரு வேர்கள் உண்டு. ஒன்று நேரியது, மற்றொன்று ஆராயத்தக்கது.

நேரிய வேர், கலையின் வடிவம் பற்றியது. இரவின் நீளம் கூத்தின் உறுப்பு. பின்னிரவில் கண்கள் சோரும் வேளையில் துகிலுரியப்படும் பாஞ்சாலியின் ஓலம் எழும்போது, அது மாலை ஆறு மணிக்கு நாற்காலியில் அமர்ந்து கேட்கும் ஓலம் ஆகாது. அங்கே கற்பூரம் ஏற்றுவோர் உண்டு. அருள்வந்து ஆடுவோர் உண்டு. நாடகம் வழிபாடாகும் அவ்வெல்லையைச் சுருக்கப் பதிப்பு தொட இயலாது. சுருக்கத்தை மட்டுமே கண்டவர் அதுவே கூத்து என்று எண்ணி, நாளை அதனையே கேட்பர். கேட்பாரின் விருப்பப்படி குழுக்களும் மாறும். இவ்விழப்பை முதலில் உணர்பவர் பழஞ்சுவைஞரே. அவர் குரலை அலட்சியம் செய்தல் தகாது.

மற்றைய வேர், உடைமை பற்றியது. ‘எத்தனை முறை பதினெட்டாம் போர் பார்த்தாய்? இரணியன் வேடத்தில் பழைய வாத்தியாரைக் கண்டதுண்டா?’ என்று புதியவரை வினவும்போது, அங்கே கலையின் காவலர் பேசவில்லை. முதலில் வந்தமைக்குப் பரிசு கேட்பவர் பேசுகிறார். மேலைநாட்டில் குழுவின் பெயர் பொறித்த சட்டை அணிந்த சிறுமியை நிறுத்தி, ஐந்து பாடல் சொல் பார்க்கலாம் என்று கேட்பவரும் இவரே.

தூய்மை பேசுவோர் மறக்கும் ஒன்றுண்டு. அவர்கள் தூயது என்று போற்றும் கூத்தும் கலப்பிலிருந்து வந்ததே. ஆர்மோனியம் மேலைநாட்டிலிருந்து வந்து இசைநாடக மேடை ஏறிக் களரிக்கு வந்தது. திரைப்பாடல் மெட்டுகளும் நுழைந்தன. எரியெண்ணெய் விளக்கு போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதுவும் போய் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. ஹன்னே டி புருயின் 1999இல் வெளியிட்ட கட்டைக்கூத்து ஆய்வுநூல், நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையே இக்கலையின் இயல்பு என்பதைத் தலைப்பிலேயே உரைக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட களரியையே தொன்மை எனக் கொள்கிறது.

இன்னும் பெரிது, கலைஞரின் வயிறு. பங்குனி முதல் ஆடி வரையே ஆட்டம் மிகுதி. ஒரு குழுவில் ஏறத்தாழ 15 பேர். ஊரார் வெற்றிலை பாக்கில் வைத்துத் தரும் முன்பணமும், ஆட்டத்தின் நடுவே பெயர் சொல்லி அளிக்கும் அன்பளிப்பும் பங்காகிப் பிரியும். எஞ்சிய திங்களில் மன்னன் வேடமிட்டவர் கூலிக்கு மண்வெட்டி பிடிக்கிறார். நகர விழா ஒன்றின் அழைப்பு அவருக்கு ஒரு மாதத்து அரிசி. அதனை மறுத்துத் தூய்மை காக்கும்படி சொல்பவர், அத்தூய்மையின் விலையைத் தம் பையிலிருந்து கொடுப்பதில்லை.

மரபில் ஆடவரே எல்லா வேடமும் தாங்கிய இக்கலையில் பெண்கள் நுழைந்ததும் புதியோர் வரவால்தான். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் தோன்றிய கட்டைக்கூத்துக் குருகுலம் சிறுமியர்க்கும் ஆட்டம் கற்பித்தது. காலில் சலங்கையும் தோளில் கட்டையும் தாங்கிப் பெண்பிள்ளைகள் வீரர் வேடத்தில் சுழன்றாடினர். கதவு சாத்தியே இருந்திருப்பின், ஓரத்தில் அமர்ந்து தலைமுறை தலைமுறையாகக் கண்விழித்த பெண்களின் பேத்தியர் களரியில் கால் வைத்திரார்.

இலக்கிய அன்பர்க்கும் உரியது இது

இவ்விருமனம் கூத்துக் களரியோடு நிற்பதன்று. சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது 2,000 படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று வரையறுத்துக்கொண்டார். அவ்விதழ் வளர்த்த புதுக்கவிதை, 1971இல் கோவையில் தோன்றிய ‘வானம்பாடி’ வழியே மேடையும் கல்லூரியும் கண்டது; பின்னர் வார இதழ்களின் பக்கங்களையும் நிரப்பியது. முன்னோடிகளின் வாசகர் சிலர் புதுக்கவிதை நீர்த்துப்போயிற்று என்று வருந்தினர். அவ்வருத்தத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் வரையறை வகுத்த அதே செல்லப்பா, புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும். படிகளை எண்ணிய கை, வாசகனைத் தேடிச் சுமையும் தூக்கிற்று. விருப்பமான எழுத்தாளர் திரைப்படத்துக்கு உரையாடல் எழுதினார் என்று கேட்டதும் முகம் சுளிக்கும் இலக்கிய அன்பர்கள், அச்சுளிப்பில் எவ்வளவு திறனாய்வு, எவ்வளவு உடைமையுணர்வு என்று தம்மைத்தாமே அளந்து பார்ப்பது நலம்.

ஆற்றுப்படுத்தும் நெறி

இச்சிக்கலுக்குத் தமிழ் மரபு ஒரு நெறியைக் காட்டுகிறது. அந்நெறி இவ்வட்டாரத்து மண்ணிலேயே பாட்டாயிற்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது சிறுபாணாற்றுப்படை. அவனுக்குரிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், வழியில் எதிர்ப்படும் வறிய கூத்தர் கூட்டத்தைக் கண்டு, தான் பெற்ற இடத்துக்குத் தானே வழிசொல்வது அப்பாட்டு. ‘எனக்குக் கிடைத்தது, பிறர்க்கு ஏன்?’ என்று அவன் எண்ணவில்லை. பலர் சென்றால் வள்ளலின் பொருள் குறையுமே என்று அஞ்சவுமில்லை.

மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. அவற்றுள் பெரும்பகுதி வழியைப் பற்றியதே. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைக்காவலர் வீசும் கவண்கல் எங்கே விழும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றி நடக்க வேண்டும் என்றெல்லாம் அக்கூத்தன் பரிவோடு எச்சரிக்கிறான். மலையை இறக்கிச் சாலையோரம் வைக்கவும் அவன் முயலவில்லை. மலைக்கு வரும் வழியை அடைக்கவும் இல்லை. மலை மலையாகவே இருக்க, ஏறுவோர்க்குக் கை கொடுக்கிறான். அந்நூற்பெயரே மலையில் எழும் பல்வேறு ஓசைகளை யானையின் மதமாக உருவகித்து அமைந்தது என்பதும் எண்ணத்தக்கது. இரைச்சல் என்று பிறர் ஒதுக்குவதில் வளத்தின் முழக்கத்தைக் கேட்டது சங்கச் செவி.

ஆற்றுப்படுத்துவோன் கலைஞன் ஆயிற்றே, சுவைஞனுக்கு அது எவ்வாறு பொருந்தும் எனலாம். பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்லுதல் என்பதே அதன் உயிர்நிலை. கூத்தில் பெற்றவர் ஆடியவர் மட்டுமல்லர். விடியும்வரை கண்டவரும் பெற்றவரே.

எனவே பழஞ்சுவைஞரின் அறிவு காவலுக்குப் பயன்படுவதைவிட வழிகாட்டப் பயன்படுவதே தக்கது. நகர விழாவில் சிறிது நேரம் கண்டு வியந்த இளைஞனிடம், ‘அது கூத்தே அன்று’ என்று சொன்னால் அவன் திரும்பிப் பாரான். ‘நீ கண்டது தொடக்கம். சித்திரையில் எங்கள் ஊருக்கு வா. போர்வை எடுத்துக்கொள். நள்ளிரவுக்குமேல் தூக்கம் வரும். கட்டியங்காரன் வந்து எழுப்புவான். கர்ணன் விடைபெறும் வரை எழுந்துவிடாதே’ என்று சொன்னால், அவன் ஒருநாள் வந்து சாக்கில் அமர்வான். அவன் அமர்ந்தால் ஊரார் அடுத்த ஆண்டும் வெற்றிலை பாக்கு வைப்பர். நகர மேடைக்குப் போகும் குழுவுக்கும் இதே அன்போடு சொல்ல வேண்டுவது ஒன்றுண்டு: எதைச் சுருக்கினாலும், முழு இரவு ஒன்று இன்னும் இருக்கிறது என்பதை அவையோர்க்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பனமலை அம்மைக்கு எதிரே ஆடலின் கோடுகள் தேய்ந்தமைக்கு அவள் பொறுப்பல்லள். அவள் பார்த்துக்கொண்டே நிற்பதால்தான் அங்கே ஓர் ஆடல் இருந்தது என்று வருவோர்க்குத் தெரிகிறது. அந்தப் பார்வைக்கு அருகில் இன்னும் பலர் நிற்க இடம் உண்டு. அவ்விடத்தைப் புதியோர்க்கு ஒதுக்கித் தருவது பழஞ்சுவைஞரின் கடமை. இருந்து, விடியும்வரை காண்பது புதியோரின் கடமை.